மாடி வீட்டு டீச்சரும் செத்தவர்கள் நெய்த ஊரும்

என் தோட்டத்தில் போர் போட்டுத் தண்ணீர் பீறிட்டு அடித்த அன்றைக்கு ஒரு சொம்பில் அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய்க் காட்டினேன். எங்கள் பக்கத்துக் கரிசலில் நல்ல தண்ணீர் வருவது என்றால் சும்மாவா? எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணாச்சிக்கு யோகம்" என்றார்கள். என் மாடியில் குடியிருந்த டீச்சரும் குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்:

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எலுமிச்சை வைக்கப் போறேன். புளியங்குடி மார்க்கெட்டுக்கு என் வண்டியிலயே ஏத்துவேன்."

"பக்கத்துத் தோட்டக்காரரு பாத்துக்கிட்டா இருப்பாரு? உங்களுக்கு எத்தனை அடியில வந்துச்சுன்னு விசாரிச்சு, அதுக்குக் கீழ போடுவாரு. அப்புறம்?"

"நான் அதுக்கும் கீழ போடுவேன்."

"அப்புறம்?"

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைப் படிக்கட்டில் கொட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அவள் பேரை எழுதப் போவதில்லை. அவளுக்குப் பிடிக்காது. டீச்சர் என்றால் போதும். ஊருக்கு வந்த புதிதில் கொஞ்ச நாள் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாற்பது வயது இருக்கும். பிறந்தது இங்கேதான், வேலை பார்த்தது பெங்களூரில். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று போனில் ஆடுகிற விளையாட்டுத் தயாரிக்கிறது. ராஜா, கோட்டை, மந்திரவாதி எல்லாம் வருகிற விளையாட்டு. வீட்டிலிருந்தே அவர்களுக்கு வேலை பார்க்கிறேன் என்று சொல்லித்தான் என் மாடிக்கு வந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எட்டு வயதில் ஒரு தறிக் கொட்டகையில் நூல்கண்டு சுற்ற உட்கார்ந்தேன். இன்றைக்கு இந்தத் தெருத் தறிகளில் பாதி என் பேரில் ஓடுகிறது. எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஆகையால் எனக்குப் புரியாத தொழில் ஒன்று என் கூரைக்கு மேலேயே நடக்கிறது என்றால் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் மேலே போய்க் கேட்டே விட்டேன்.

"அப்படி என்ன வேலைம்மா அது?"

"ஒரு நாட்டுல மந்திரம் நெசமாவே பலிக்குதுன்னு வைங்க அண்ணாச்சி. அப்ப அந்த நாடு எப்படி இருக்கும்? அதை யோசிச்சுக் குடுக்கிறதுதான் என் வேலை."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எல்லாவனும் நல்லா இருப்பான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை முதல் தடவை அன்றைக்குத்தான் பார்த்தேன். பல்லு தெரியாது, கண்ணு மட்டும் சுருங்கும்.

"ஞாயித்துக்கெழமை வாங்க. நீங்களே ஒரு ஊரைக் கட்டுங்க. எல்லாவனும் நல்லா இருக்கானான்னு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. ஆறு நாளும் சத்தத்தில் கிடக்கிற தெரு அன்றைக்கு மட்டும் காது அடைத்த மாதிரி இருக்கும். அந்த மத்தியானங்களில்தான் நாங்கள் கூடுவோம். மேஜையில் ஒரு சார்ட் பேப்பர். அதில் ஊரின் வரைபடம். தாயக்கட்டைக்குப் பதில் இருபது முகம் உள்ள ஒரு பகடை. டீச்சர் கதை சொல்லுவாள். ஊரில் இன்னது நடக்கிறது என்பாள். நாங்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, நான் இன்னது செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை டீச்சர் சொல்லுவாள்.

நான் ஊர்த் தலைவர். வேறு எதுவாகவும் இருக்கச் சம்மதிக்கவில்லை. எதிர் வீட்டு மேரி சிஸ்டர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள், மருத்துவச்சி. மூன்றாவது ஆள் செல்லையா. என் கொட்டகையில் தறி ரிப்பேர் பார்ப்பவன். விளையாட்டிலும் அவன் தறி ரிப்பேர்தான் பார்த்தான். "வேற எது குடுத்தாலும் எனக்குச் செய்யத் தெரியாது டீச்சர்" என்றுவிட்டான்.

முதல் மந்திரம் விளக்கு. கையைத் தட்டினால் அறை முழுக்க வெளிச்சம், எண்ணெய் வேண்டாம், கரண்ட் வேண்டாம். செல்லையா, "பிள்ளைக ராத்திரி படிக்கும்" என்றான். நான் அவனுக்கு முன்னாலேயே வாயைத் திறந்திருந்தேன்: "ரெண்டு ஷிப்ட் ஓட்டலாம்."

டீச்சர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பாத்தீங்களா, தலைவருக்குச் சொல்லிக் குடுக்கவே வேண்டாம். அந்த ஊருல அன்னிக்கோட ராத்திரி போச்சு. அப்புறம்?" என்று வரைபடத்தில் தறிக் கொட்டகைகளைச் சுற்றி மஞ்சள் பேனாவால் வட்டம் போட்டாள்.

மேரி சிஸ்டர் காயம் ஆற்றுகிற மந்திரம் கேட்டார்கள். கை வைத்தால் முறிந்த எலும்பு கூடும், போன கண் திரும்பும். முப்பது வருஷம் வார்டில் நின்ற பொம்பளை வேறு என்ன கேட்பார்கள்?

"யாருக்கு?" என்றாள் டீச்சர்.

"யாரு வந்தாலும்."

"நம்ம கோயில்ல நோய் தீரப் புத்துமண்ணு குடுக்காங்க. அது நம்பிக்கை. நம்பிக்கைக்கு வரிசை உண்டு, அடிதடி கெடையாது. ஆனா உங்க மந்திரம் தொட்டவுடனே நிச்சயமாக் கேக்கும். மறுநாள் காலையில உங்க வாசல்ல டோக்கன் குடுக்கிறவன் நிப்பான். அதுக்கு மறுநாள் டோக்கனை விக்கிறவன். சரி, அதையெல்லாம் தலைவரு ஒழுங்கு பண்ணிட்டாருன்னே வைங்க. அப்புறம்?"

டீச்சரே சொன்னாள். தறியில் நூலோடு குறுக்கே பாய்கிற நாடா சில சமயம் தெறித்துப் பறந்து பக்கத்தில் நிற்கிறவன் கண்ணில் அடிக்கும். அதற்காகத்தான் தறிக்குக் கம்பி வலை போடுவது. கண் போனால் திரும்ப வரும் என்று ஆகிவிட்ட ஊரில் வலை எதற்கு? முதலாளி கழற்றிவிடுவான். வலை இல்லாத தறி இன்னும் வேகமாக ஓடும்.

"உங்ககிட்ட ஒரு பையன் வாரான் சிஸ்டர். இடது கண்ணு. நீங்க கை வைக்கிறீங்க, வந்திருச்சு. அடுத்த மாசம் அதே பையன், அதே கண்ணு. அதுக்கடுத்த மாசமும். கண்ணு எத்தனை தடவ வேணும்னாலும் வரும். வலி மட்டும் ஒவ்வொரு தடவயும் புதுசு. அவன் உங்க கையப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கான்: 'சிஸ்டர், இந்தத் தடவ கொணமாக்காம விட்டுருங்க. கண்ணு இல்லன்னா தறிக்குக் கூப்பிட மாட்டாங்க.' நீங்க என்ன செய்றீங்க?"

அந்தப் பையன் குரலிலேயே கேட்டாள். மேரி சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்கள். துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"வெளையாட்டுத்தானம்மா?" என்றேன் நான்.

"வெளையாட்டுத்தான் அண்ணாச்சி. அதனாலதான் நெசத்தைச் சொல்ல முடியுது."

இப்படித்தான் அவள். ஒருத்தர் கையில் ஒரு நல்லதைக் கொடுப்பாள். அவர் அதைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்படுகிற வரைக்கும் காத்திருப்பாள். பிறகு கேட்பாள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் பொய்யைக் கண்டுபிடிக்கிற மந்திரம் இருந்தால் நல்லது என்று சிஸ்டர் ஒருமுறை சொல்லப் போக, அந்த ஊரில் தகப்பன்மார் எல்லாம் மகனிடம் ஒன்றும் விசாரிக்காமலே வளர்க்க ஆரம்பித்தார்கள் என்றாள். "என் பையன் குடிக்கானா? எனக்குத் தெரியாதே!" என்று கூசாமல் சொல்லலாம், மந்திரமும் ஒத்துக்கொள்ளும் அல்லவா. அதற்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் இவ்வளவு கணக்காகக் கொடுமையைப் பேசியதில்லை. எல்லோரும் செய்வார்கள், பேச மாட்டார்கள்.

செல்லையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் சம்சாரம் பூரணம் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தறிச் சத்தமும் இல்லாமல் வீட்டில் உட்கார முடியவில்லை என்றுதான் என் பின்னால் மாடிப்படி ஏறினான். முதல் நாளே டீச்சர் கேட்டாள், அந்த ஊரில் நீங்கள் தனி ஆளா என்று.

"இல்ல டீச்சர். பொண்டாட்டி உண்டு."

"பேரு?"

"பூரணம்."

மேரி சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டீச்சர் வரைபடத்தின் மூலையில் ஒரு சின்ன வீடு வரைந்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் செல்லையா உட்கார்ந்தவுடன் முதல் கேள்வி, "வீட்டுல என்ன செய்தா டீச்சர்?" என்பதுதான். டீச்சர் பூரணத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் சொல்லுவாள்: "முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கா. 'சட்டைப் பையில கெடக்கிற நட்டு போல்ட்டை எடுத்து வச்சிட்டுத் தொவைக்கப் போடும்னு எத்தனை தடவ சொல்லுததுவே?'ங்கா." செல்லையா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அப்படிச் சிரிப்பான். பூக்கடையிலிருந்து ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிவந்து அந்த வீட்டுப் படத்தின் மேல் வைப்பான். நாளாக நாளாக வரைபடத்தின் அந்த மூலை மட்டும் பூச்சாறு இறங்கிப் பழுப்பாகிப் போனது. டீச்சர் பேப்பரை மாற்றவில்லை. அவளிடம் நான் கண்ட இளக்கம் அது ஒன்றுதான்.

அடுத்து வந்ததுதான் பெரிய மந்திரம். செத்தவரை எழுப்புவது.

நான் உடனே சொன்னேன், எங்க அப்பாவை எழுப்புங்கள், நான் கட்டின வீட்டை அந்த மனுஷன் பார்க்கட்டும் என்று. டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உடம்பு முழுசா இருந்தாத்தான் எழுப்ப முடியும் அண்ணாச்சி. எரிச்சிட்டா முடியாது. இப்பச் சொல்லுங்க, நாளைக்கு நீங்க செத்துட்டா உங்க பசங்க என்ன செய்வாங்க?"

"எழுப்புவானுவ."

"சொத்து முழுக்க உங்க பேருல. எழுப்பிட்டா திரும்பவும் உங்க பேருல. அந்த ஊருல பெரிய வீட்டுச் சாவுன்னா, மூச்சு நிக்கிறதுக்கு முன்னாலயே விறகு வந்து எறங்கியிருக்கும். டாக்டரு படியேறும்போது சாம்பல் ஆறியிருக்கும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய், என் மகன்கள் இரண்டு பேரும் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவன், "என்னப்பா?" என்றான். "ஒண்ணுமில்ல, தின்னு" என்றேன்.

அடுத்த வாரம் டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பணக்காரனை எரித்துவிடுவார்கள், சரி. ஏழைக்குச் சொத்து இல்லை, அவனை அவசரமாக எரிக்க எவனுக்கும் காரணம் இல்லை. உடம்பு முழுசாகக் கிடக்கும். மந்திரக்காரனுக்குக் கொடுக்க அவன் வீட்டில் ஒன்றும் இல்லை. அவனை யார் எழுப்புவார்கள்?

மூன்று பேரும் யோசித்தோம். நான்தான் சொன்னேன். இதை யார் முன்னாலும் சொல்லுவேன், அது என் மூளையிலிருந்து வந்தது.

"தறிக்காரன் எழுப்புவான்."

"எதுக்கு?"

"ஆளு கெடைக்கலல்லா டீச்சர். எத்தனை தறி ஆளில்லாமச் சும்மா கெடக்கு தெரியுமா? முன்பணம் வாங்கினவன் அதைத் தீக்காம வேற கொட்டகைக்குப் போக முடியாதுல்லா? அதே சட்டத்தைப் போடுவோம். எவன் எழுப்புதானோ அவன் தறியில எந்திரிச்சவன் உக்காரணும். உசுருதான் முன்பணம்."

"கூலி?"

"செத்தவனுக்கு எதுக்குக் கூலி? சோறு கேக்க மாட்டான், தூங்கப் போறேங்க மாட்டான். வீட்டு ஆளுகளையே அடையாளம் தெரியாம எழுப்பினா இன்னும் நல்லது, லீவு கேக்க மாட்டான்."

அன்றைக்கு அவள் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணாச்சி, பெங்களூருல பத்துப் பேரு ஏசி ரூம்ல உக்காந்தாலும் இது வராது" என்றாள். எனக்குப் பட்டம் கிடையாது. அந்த வார்த்தைதான் பட்டம்.

சட்டம் என்றால் ஊர்ச் சபை கை தூக்க வேண்டும். நான் தூக்கினேன். மேரி சிஸ்டர் தூக்கவில்லை. செல்லையா தூக்கினான், யோசிக்கக்கூட இல்லை. எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நெய்கிறவன் செத்துப்போனால் காரியம் முடிந்த கையோடு அவன் தம்பியோ சம்சாரமோ வந்து அந்தத் தறியில் நிற்பார்கள். செல்லையாவே அப்படித் தன் அப்பன் நின்ற இடத்துக்கு வந்தவன்தான். "தறி காலியாக் கெடக்கக் கூடாதுல்லா மொதலாளி" என்றான்.

"செல்லையா அண்ணன், தூக்கின கைய பெறகு எறக்க முடியாது" என்றாள் டீச்சர்.

"தூக்கினது தூக்கினதுதான் டீச்சர். போங்க, பூரணம் என்ன செய்தா, சொல்லுங்க."

நான்கைந்து வாரம் ஊர் ஜோராக ஓடியது. செத்தவர்கள் நெய்தார்கள். ராத்திரியும் விளக்கு, ராத்திரியும் தறி. ஓய்வே இல்லாத கொட்டகையில் பஞ்சுத் தூசி கூட்டுகிறவன் யார்? அதுவும் டீச்சர் கேட்ட கேள்விதான். நாங்கள்தான் பதில் சொல்லாமல் விட்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூசி பற்றியது. நெருப்பு கொட்டகையிலிருந்து கூரை கூரையாகத் தாண்டி, வரைபடத்தில் பழுப்பேறிக் கிடந்த மூலைக்கு வந்தது.

"உள்ள போறேன். அவளத் தூக்கிட்டு வாரேன்" என்றான் செல்லையா. பகடையை இரண்டு கையாலும் மூடிக் குலுக்கினான். பத்துக்கு மேல் விழ வேண்டும். இரண்டு விழுந்தது.

டீச்சர் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "நெருப்பு வீட்டுக்குள்ள வரல. புகைதான். கட்டில் பக்கத்துல கெடக்கா. உடம்புல ஒரு காயம் இல்ல. மூச்சு இல்ல."

"உடம்பு முழுசா இருக்குல்லா? அப்ப எழுப்பலாம்" என்றான் செல்லையா. அவன் முகம் அப்போது பிரகாசமாகத்தான் இருந்தது. சட்டம் அவனுக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

"எழுப்பலாம். கொட்டகை சூப்பர்வைசர் மந்திரக்காரனைக் கூட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கான். 'மூணாம் தறி காலி'ங்கான்."

செல்லையா என்னைப் பார்த்தான். நான் தலைவர். "தலைவருங்கிற முறையில சொல்லுதேன், இந்த ஒண்ண மட்டும் விட்டுருங்க. எழுப்பி அவன் வீட்டுக்கே அனுப்பிருங்க" என்றேன்.

"சரி. தலைவரு விட்டுட்டாரு. அப்புறம்?"

சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். அறையின் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, வந்து கேட்கிற ஒவ்வொருத்தர் குரலாகப் பேச ஆரம்பித்தாள். ஒரு கிழவன்: "தலைவரே, எம் பேரன் அஞ்சாம் தறியில நிக்கான், என்னையப் பாத்தா யாருன்னு கேக்கான். அவனையும் விடுங்க." ஒரு பொம்பளை: "எம் புருசன நான் விக்கலியே தலைவரே, எழுப்பித் தாரோம்னு நீங்கதான கூட்டிட்டுப் போனிய?" இன்னொருத்தி. இன்னொருத்தி. எல்லாம் எங்கள் தெருப் பேச்சு. கண்ணை மூடினால் என் கொட்டகை வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது.

"எல்லாத்தையும் விட்டா தறி?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்கேன்."

"விட முடியாது" என்றேன். ஒரு ஊரை நடத்துகிறவன் அப்படித்தான் சொல்ல முடியும். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் என் பதில். செல்லையா என் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டான்.

டீச்சர் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இன்னொரு வழி இருக்கு செல்லையா அண்ணன். கொல்லையில விறகு கெடக்கு. எரிச்சிட்டீங்கன்னா யாராலயும் எழுப்ப முடியாது. சொல்லுங்க. எரிக்கிறீங்களா, தறிக்கு விடுறீங்களா?"

"தறிக்கு விட்டா என்னைய அடையாளம் தெரியுமா?"

"தெரியாது."

"பேசுவாளா?"

"நூலு அறுந்தா சொல்லுவா."

"நான் போயிப் பாக்கலாமா?"

"ரிப்பேருக்குப் போகும்போது பாக்கலாம்."

கீழே தெருவில் ஒரு பலூன்காரன் பீப்பீ ஊதிக்கொண்டு போனான். செல்லையா சட்டைப் பையில் கிடந்த நட்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

"திருநெல்வேலி ஆஸ்பத்திரியில டாக்டரு இதே மாதிரிதான் கேட்டாரு. மிசினு ஓடுற வரைக்கும் மூச்சு இருக்கும், எடுக்கவா வேண்டாமான்னு. நான்தான் எடுங்கன்னேன். என் வாயால சொன்னேன். ஒரு எடத்துலயாவது அவ இருக்கட்டும்னுதான் இங்கன வந்து உக்காந்தேன். என்னையப் போயி ரெண்டாவது தடவ சொல்லச் சொல்லுதியளே டீச்சர்."

"போதும் டீச்சர். நிப்பாட்டுங்க" என்றார்கள் மேரி சிஸ்டர்.

வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். நான்கூட நிறுத்தியிருப்பேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, அதை நான் பார்த்தேன். ஆனாலும் கேட்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் கெடையாது" என்றான் செல்லையா. "ரெண்டும் சொல்ல மாட்டேன். எரிக்கவும் வேண்டாம், எழுப்பவும் வேண்டாம். அவ அப்படியே கெடக்கட்டும்."

பூவை எடுக்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனான்.

"அவன் சொன்னபடியே விட்டுறலாமே" என்றேன்.

"சட்டம் நீங்க போட்டது. எரிக்கலன்னா சூப்பர்வைசர் உள்ள வந்திருவான். மூணாம் தறி." வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள். மேரி சிஸ்டர் பகடையைத் தூக்கிச் சுவரில் எறிந்துவிட்டு, "நீ ஒரு பொம்பளையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டீச்சர் மண்டியிட்டுப் பீரோவுக்கு அடியிலிருந்து பகடையைத் துழாவி எடுத்தாள்.

அதற்குப் பிறகு மாடியில் யாரும் கூடவில்லை. ஒருநாள் கொட்டகையில் செல்லையா தறிக்கு அடியில் படுத்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "மொதலாளி, நான் போன பெறகு டீச்சர் என்ன செஞ்சாவ?"

"சட்டம் சட்டம்தாம்லே. தறியில உக்கார வச்சிட்டா."

ஸ்பேனர் ஒரு சுற்று சுற்றியது. "நெனச்சேன்" என்று தறிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. அன்றையிலிருந்து என் கொட்டகையில் மூன்றாம் தறி ரிப்பேர் என்றால் வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் அதன் பக்கம் போக மாட்டான். காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடிந்துகொள்ளவும் முடியவில்லை.

டீச்சர் அந்த வருஷமே வீட்டைக் காலி பண்ணினாள். சாவியைக் கொடுக்க வந்தபோது கேட்டேன், "ஒரே ஒரு தடவ விட்டுக் குடுத்திருந்தா என்னம்மா கொறஞ்சிருக்கும்?"

அவள் "அப்புறம்?" என்று கேட்பாள் என்று நினைத்தேன். அதையும் கேட்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

போன மாதம் கோயம்புத்தூரில் படிக்கிற என் பேத்தி லீவுக்கு வந்தாள். கையில் போன், அதில் ஒரு விளையாட்டு. எட்டிப் பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அதே தெரு, அதே கொட்டகை, மஞ்சள் வெளிச்சம், வரிசையாகத் தறி. தறியில் சாம்பல் நிறக் கண்ணோடு செத்தவர்கள். "ஏட்டி, இது நம்ம மாடியில வச்சுப் போட்ட ஊரு! இந்தச் சட்டம் தாத்தா போட்டது!" என்று கத்தினேன். அவள் நம்பவில்லை. உலகம் முழுக்க ஆடுகிறார்களாம். இந்தச் சட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்களாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாத்தா. ஒரே ஒரு எடத்துலதான் தப்பு" என்றாள் பேத்தி. ஊரின் மூலையில் ஒரு சின்ன வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் சூப்பர்வைசர் நிற்கிறான். நிற்கிறானே தவிர உள்ளே வரவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு பொம்பளை கிடக்கிறாள். தலைமாட்டில் ஒரு முழம் பூ. "இந்த கேம்ல செத்த ஆளு யாரா இருந்தாலும் எழுப்பலாம். இவங்களை மட்டும் முடியல. எரிக்கவும் முடியல. எதை அமுக்கினாலும் ஒண்ணும் ஆக மாட்டேங்குது. இங்கிலீஷ்ல பேரு போட்டிருக்கு பாருங்க, பூரணம்னு."

போனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். செல்லையா தறியை நிறுத்திவிட்டு வந்தான். பேத்தி போனை அவன் முன்னால் நீட்டினாள். அவன் பார்த்தான். கையில் இருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தான். வாசலில் நிற்கிறவனைப் பார்த்தான், பூவைப் பார்த்தான்.

"மூணாம் தறியில இல்லியா மொதலாளி?"

"இல்லடே. நீ சொன்ன மாதிரியே கெடக்கா."

"எழுப்பணும்னா எதை அமுக்கணும் தாயி?"

பேத்தி காட்டினாள். ஆள்காட்டி விரலால் மெதுவாக அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினான். பிறகு விரலை எடுத்துக்கொண்டான். அவன் முகம் இளகி நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காத டீச்சர், இவ்வளவு பெரிய ஊரில் ஒருத்தியை மட்டும் ஒருவரும் தொடாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பேத்தி துப்பட்டாவால் போனில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்தாள்.

"கவலப்படாதீங்க மாமா. ஊருபட்ட பேரு கம்ப்ளைன்ட் பண்ணியிருக்காங்க. இதைச் செஞ்சு வச்சவங்க இப்ப கம்பெனியிலயே இல்லையாம். அடுத்த அப்டேட்ல சரி பண்ணிருவோம்னு சொல்லிட்டாங்க."

"சரி பண்ணிட்டா? அப்புறம்?" என்று கேட்டான் செல்லையா.

"அப்புறம் என்ன, இவங்களையும் எழுப்பித் தறியில விட்டுறலாம்."

செல்லையா என்னைப் பார்த்தான். பேத்தியைப் பார்த்தான். கீழே கிடந்த ஸ்பேனரைக் குனிந்து எடுத்தான்.

"அதுவரைக்கும் கெடக்கட்டும் தாயி" என்று சொல்லிவிட்டுத் தறியை ஓடவிட்டான்.